பத்து மணிக்கு வரும் சிக்னல்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், இறக்கக்கண்டிக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த இராகுலன் நின்ற இடத்திலேயே சரிந்தார். வெயிலாக்கும் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஓட்டோவில் ஏற்றும்போதுதான் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததைக் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். உயிர் தப்பியது. வலது கால் இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது, கையும் பாதி வந்தது. பேச்சு வரவில்லை.

அவருடைய மனைவி ஜெயரூபி முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உடம்பு தேறினால் பேச்சும் தானாக வரும் என்று நம்பினாள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரேயொரு முனகல்தான். பசித்தாலும் அந்த முனகல், வலித்தாலும் அதே. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் முடியவில்லை. தேத்தண்ணி வேண்டும் என்று சொல்ல முடியாமல், அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதர் வெறும் கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிந்த நாளன்று, அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

கிளினிக்கில் டொக்டர் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றார். தமிழில் அந்தப் பயிற்சி கொடுப்பவர்கள் நாட்டிலேயே குறைவு. கடைசியில் கிடைத்தவர் மின்ஹா என்ற பிள்ளை. கிண்ணியாவில் பிறந்தவர், கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்தார். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணிக்கு வீடியோ கோலில் வரச் சம்மதித்தார்.

முதல் நாள் இராகுலனைக் குளிப்பாட்டி, சேர்ட் போட்டு, கதிரையில் இருத்தி, போனை முன்னால் நிறுத்தினாள் ஜெயரூபி. மின்ஹாவின் முகம் வந்தது. "வணக்கம் ஐயா" என்றார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தவர் அப்படியே உறைந்துபோனார். படம் அசையவில்லை. திறந்த வாயோடு நின்ற அந்த முகத்தை இராகுலன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தன்னைப் பார்த்து யாரோ பழிப்புக் காட்டியதுபோல இருந்திருக்க வேண்டும்.

அவர்களுடைய வீடு பள்ளத்தில் இருந்தது. பின்னால் ஒரு கற்பாறை மேடு, சுற்றிவரப் பனை. கிணற்றடிக்குப் போனால்தான் மெசேஜ்கூட ஒழுங்காக வரும். அதிலும் வீடியோ வராது. கிணற்றடியில் வெயிலுக்குள் இருத்திப் பயிற்சி கொடுக்கவும் ஏலாது.

நிலாவெளியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்த ஜவ்பரை அவள் கூப்பிட்டாள். அவன் தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தான். பாறையில் ஏறினான். வேலியோரமாகப் போனான். திரும்பி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த வீட்டைக் காட்டினான். அந்த வீட்டின் மேல்மாடி பாதியில் நின்றது. தூண்களும் கொங்கிறீற் தரையும் மட்டும்.

"அந்த உயரத்தில வைச்சா நல்லாப் பிடிக்கும், அக்கா. ஒரு போனை அங்க வைச்சு அதின்ர டேட்டாவை இஞ்ச எடுக்கலாம். ரெண்டு பழைய றவுட்டர் என்னிட்ட கிடக்கு. ஒண்டை அந்தப் போனோட வயரால தொடுக்கிறன், மற்றதை உங்கட தாழ்வாரத்தில. அறைக்குள்ள வடிவா வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா, அவரிட்ட நீங்கள்தான் கேக்கோணும்."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் அது. அந்த வீடு இராகுலனின் அண்ணன் இராசதுரையின் வீடு. ஏழு வருசமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இராகுலனுக்கும் ஜெயரூபிக்கும் ஒரே மகன், நிதுசன். பத்தொன்பது வயதில், ஒரு கார்த்திகை மாதத்தில், பெரியப்பாவோடு கடலுக்குப் போனான். திரும்பி வரும் வழியில் கடலடிப் பாறைகளுக்கு இடையிலான பார் வாயில் அலை அடித்துப் படகைப் புரட்டிவிட்டது. இராசதுரையை வேறு படகுக்காரர் இழுத்து எடுத்தார்கள். நிதுசன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். செத்தவீட்டில், சனங்களுக்கு முன்னால், அதுவரை அண்ணனை "நீங்கள்" என்று மட்டுமே கதைத்திருந்த இராகுலன் சொன்னார்: "என்ர பிள்ளையைக் கடலுக்குத் தின்னக் குடுத்துப்போட்டு வந்து நிக்கிறியோ? இனி என்ர வளவுக்குள்ள கால் வைக்காத."

இராசதுரை திரும்பிப் போனார். அடுத்த மாதமே படகை விற்றார். பிறகு கடலில் இறங்கவேயில்லை. மற்றவர்களிடம் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, கந்தளாய்க்கும் தம்புள்ளைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவும்தான். ஜெயரூபிக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். அன்று இராகுலன் மூதூருக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போயிருந்தார். விடிய எழும்பிய நிதுசன் தானும் கடலுக்கு வரப்போவதாகச் சொன்னபோது, இராசதுரை வேலிக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்தார். "கடல் நல்லா இல்லை, பிள்ளை. இவன் நாளைக்கு வரட்டும்" என்றார். அவள்தான், "வீட்டில படுத்துக்கிடந்து போனைத்தானே நோண்டப்போறான், கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். சாப்பாடும் கட்டிக் கொடுத்தாள். செத்தவீட்டில் தன் புருஷன் அந்தச் சொல்லைச் சொன்னபோது இராசதுரை ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு வருசம் போய்விட்டது.

அடுத்த நாள் காலை அவள் வேலியடிக்குப் போனாள். இராசதுரை மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை றெஜிபோம் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய உடம்பு, முதுகு கூனியிருந்தது.

"பெரியத்தான்."

அவர் நிமிர்ந்தார். "என்ன பிள்ளை?" என்றார். நேற்றும் கதைத்தவரைப்போலக் கேட்டார்.

அவள் தட்டுத்தடுமாறி விசயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கைகளை உதறிக்கொண்டு நின்றார்.

"எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு. ஒரு மணித்தியாலம். கிழமையில மூண்டு நாள்."

"சரி."

அவள் போகத் திரும்பியபோது கூப்பிட்டார். "தம்பிக்குச் சொல்லாத. என்ர வீட்டால எண்டு தெரிஞ்சா வேண்டாம் எண்டுபோடுவான்."

ஜவ்பர் அன்று பின்னேரமே வந்தான். போன் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. ஜெயரூபியின் போன் இராகுலனுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதோடு அவளுடைய சிம் கம்பனிக்கு அந்தப் பக்கத்தில் கோபுரமும் இல்லை. "ஒரு பழைய போன் தேடிப் பாக்கிறன், ரெண்டு கிழமை செல்லும்" என்றான் ஜவ்பர். இராசதுரை சேர்ட் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். வெயிலில் போன் சூடாகிவிடும் என்று ஜவ்பர் சொன்னதும், ஒரு மீன்பெட்டியை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டிக் காற்றோட்டம் விட்டு, அதற்குள் போனையும் றவுட்டரையும் வைத்து, காகம் தட்டாமல் மேலே ஒரு கல்லையும் வைத்தார். ஜெயரூபி வீட்டுத் தாழ்வாரத்தில் மற்ற றவுட்டர் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் தொங்கியது.

"இது எங்கால வருது எண்டு கேட்டா, பாறையில பூட்டினது எண்டு சொல்லுறன்" என்று ஜவ்பரிடம் சொன்னாள் அவள். இராகுலன் கேட்கமாட்டார் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை மின்ஹாவின் முகம் தெளிவாக வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் அறுந்தது. திரும்ப வந்து, மறுபடி அறுந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். ஜவ்பருக்கு எடுத்துக் கேட்டாள்.

"அது அவருக்குக் கோல் வாறதாலை, அக்கா. அந்தப் போனில கோல் வந்தா டேட்டா நிண்டுபோகும். வியாபாரிமார் எடுக்கிற நேரமெல்லோ."

இதை எப்படி அவரிடம் போய்ச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு தடவையும் அறுபடவில்லை. அதற்குப் பிறகும் அறுபடவில்லை. ஜவ்பர் ஏதோ செய்து சரிப்படுத்திவிட்டான் என்று விட்டுவிட்டாள்.

மின்ஹாவுக்குப் பொறுமை நிறைய இருந்தது. படங்களைக் காட்டினார். வாயை எப்படிக் குவிப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினார். இராகுலன் வியர்த்துக் கொட்டி முயன்றார், முனகல்தான் வந்தது. ஆறாம் கிழமை மின்ஹா படங்களை ஒதுக்கி வைத்தார்.

"ஐயா, இண்டைக்கு எண்ணுவம். தனிச் சொல்லு வராட்டியும் வரிசையாச் சொல்லிப் பழகினது சில நேரம் வரும். என்னோட சேர்ந்து வாங்க. ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

அவர் நிறுத்தினார். இராகுலன் போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"நா... லு."

கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயரூபி அறைக்குள் வந்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு நான்கு மாதம்.

அந்தக் கிழமை முடிவில் அவர் பத்துவரை எண்ணினார். ஆனால் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் நேராகச் சொல்ல வராது. ஒன்றிலிருந்து தொடங்கித்தான் வரவேண்டும். மின்ஹா அதுவே பெரிய காரியம் என்றார்.

அந்தச் சந்தோசத்தோடு சந்தியில் சாமான் வாங்கப் போன இடத்தில், இராசதுரையின் மனைவி பாக்கியரத்தினத்தைக் கண்டாள் ஜெயரூபி. ஏழு வருசமும் அவர்கள் கண்டால் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். அன்று பாக்கியரத்தினம் நின்றார்.

"தம்பிக்கு எப்பிடி?"

"எண்ணுறார், அக்கா. பத்து வரைக்கும் எண்ணுறார்."

பாக்கியரத்தினத்தின் கண் கலங்கியது. "அப்ப அது வீண்போகேல்லை" என்றார்.

"எது அக்கா?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் தம்புள்ளைக்காரரும் கந்தளாய்க்காரரும் எடுத்து, இன்றைக்கு என்ன மீன், எத்தனை பெட்டி என்று கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரம் வெளியிலிருந்து வரும் கோல் எல்லாவற்றையும் மறித்துவிட ஜவ்பரிடம் கேட்டுப் பழகிக்கொண்டார் இராசதுரை. "பிறகு எடுங்கோ எண்டு எல்லாருக்கும் சொன்னவர். அவங்கள் ஆருக்காக நிப்பாங்கள்? தம்புள்ளைக்காரன் வேற ஆளைப் பிடிச்சிட்டான். கிழமையில மூண்டு நாள் மீன் மத்தியானம் வரைக்கும் கிடக்குது. பழைய போன் ஒண்டு கிடைச்சிட்டுது எண்டு ஜவ்பர் கொண்டுவந்தவன்தான். 'அது எப்பிடிப் பிடிக்குமோ தெரியாது, இது கிடக்கட்டும்' எண்டுபோட்டார். நான் கதைச்சுப் பாத்தன். அவர் கேக்கிற ஆளில்லை."

ஜெயரூபி வீட்டுக்கு நடந்து வந்தாள். வாங்கிய சாமானை வைத்தாள். இராகுலன் கட்டிலில் இருந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிப் பழகிக்கொண்டிருந்தார். அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும்" என்றாள்.

அவர் விரல்களை நிறுத்தினார்.

"இந்த சிக்னல் பாறையில இருந்து வரேல்லை. பெரியத்தான்ர மேல்மாடியில இருந்து வருது. அவர்தான் தன்ர போனை வைக்கிறவர்."

அவருடைய முகம் இறுகியது. எழும்பப் பார்த்தார். அவள் அவருடைய முழங்காலில் கையை வைத்தாள்.

"இன்னும் இருக்கு. அண்டைக்கு நிதுசனைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது எண்டுதான் அவர் சொன்னவர். கடல் நல்லா இல்லை எண்டவர். நான்தான் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டனான். என்ர வாயால சொன்னனான். நீங்கள் அவரை ஏசேக்கை நான் பக்கத்தில நிண்டனான். வாய் திறக்கேல்லை. அவரும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

இராகுலன் அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். அவள் ஒரு அடியை எதிர்பார்த்தாள். ஒரு சத்தத்தையாவது எதிர்பார்த்தாள். அவர் அவளுடைய கையை முழங்காலிலிருந்து எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சிக்கு வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை போனைக் கவிழ்த்து வைத்தார். புதன்கிழமை கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜெயரூபி போனைத் தன் பக்கம் திருப்பி, மின்ஹாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"வீட்டில ஒரு பிரச்சினை. என்னாலதான்."

"அவசரப்படுத்த வேணாம், அக்கா. போனை அவர் பக்கமே வைச்சிருங்க. நான் லைன்ல இருக்கிறன்" என்றார் மின்ஹா. அந்த ஒரு மணித்தியாலமும் அவர் தன் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இடையிடையே நிமிர்ந்து பார்த்தார். இராகுலன் கதிரையில் இருந்தார். லைன் அறுபடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பத்துக்குக் கொஞ்சம் முன்னதாக, இராகுலன் தடியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். எங்கே போகிறார் என்று ஜெயரூபி கேட்கவில்லை. நாலு அடி தள்ளிப் பின்னால் போனாள். அவர் காலை இழுத்து இழுத்து வேலியடிக்கு வந்து நின்றார். இராசதுரை மேல்மாடியில் குனிந்து, போனை மீன்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் தம்பியைக் கண்டார். படியால் மெதுவாக இறங்கி வந்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்றார்.

இராகுலன் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல நினைத்தார், எத்தனை நாளாகவோ நினைத்திருக்க வேண்டும்.

"ஒண்டு" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி முயன்றார்.

"ஒண்டு... ரெண்டு..."

அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தடியால் வேலிக்கட்டையில் அடித்தார். சொல்ல வந்தது உள்ளே கிடந்தது, வந்தது எண்தான். அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று இராசதுரைக்குத் தெரியாது. அவர் ஜெயரூபியைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"மூண்டு" என்றார் இராசதுரை.

இராகுலன் அடிப்பதை நிறுத்தினார்.

"நாலு" என்றார்.

"அஞ்சு."

"ஆ... று."

அப்படியே பத்துவரை போனார்கள். பத்துக்குப் பிறகு இராகுலனிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் பாதி வந்த கையால் தடியைக் கீழ்க் கம்பியில் ஊன்றி அழுத்தி, நல்ல கையால் மேல் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி வந்தது.

இராசதுரை அந்த வழியைப் பார்த்தார். "எனக்கு முதுகு வளையாதடா. நான் சுத்தி வாறன்" என்றார். றோட்டால் போய், கேற்றடியில் கொஞ்சம் நின்று, உள்ளே வந்தார்.

அன்றைய பயிற்சியில் அவரும் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தார். அது யார் என்று மின்ஹா கேட்டார். "இவற்ற அண்ணை" என்றாள் ஜெயரூபி. பயிற்சி முடிந்த பிறகு, நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாள். வியாபாரக் கோல் வராத பின்னேரம் மூன்று மணி என்று முடிவானது. கந்தளாய்க்காரர் திரும்பவும் நேரத்துக்கு மீன் எடுக்கத் தொடங்கினார். தம்புள்ளைக்காரர் வரவில்லை.

ஆனால் ஜெயரூபியின் முகத்தை இராகுலன் பார்க்கவில்லை. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார், குளிக்க வார்த்தால் குனிந்து நின்றார், மருந்தைக் கையில் வைத்தால் விழுங்கினார். கண்ணை மட்டும் கொடுக்கவில்லை. ஆடி போய் ஆவணியும் போனது. "தண்ணி" வந்தது, "சோறு" வந்தது, "அண்ணை" வந்தது. அவளுடைய பெயர் வரவில்லை. வராததா, சொல்லாததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை. தான் வாய் மூடியிருந்த காலத்தோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை என்று இருந்தாள்.

புரட்டாதியில் மின்ஹா வீட்டு ஆட்களின் படங்களை அனுப்பச் சொன்னார். பெயர் சொல்லப் பழக்கவேண்டும் என்றார். ஜெயரூபி தன் படத்தை அனுப்பினாள். இராசதுரையும் பாக்கியரத்தினமும் சேர்ந்து நிற்கும் படத்தை அனுப்பினாள். பிறகு அலுமாரியைத் திறந்து, அடியில் துணிக்குள் இருந்த நிதுசனின் படத்தை எடுத்து, போனால் படம் பிடித்து அதையும் அனுப்பினாள். பள்ளிக்கூடத்து ஏ.எல். சோதனைக்காக எடுத்த அடையாள அட்டைப் படம். தலைமயிரைப் படிய வாரச் சொல்லி அன்று காலை அவனோடு சண்டை பிடித்திருந்தாள்.

அன்று மின்ஹா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவதாக நிதுசன் வந்தான்.

"இவர் ஆரு, ஐயா?"

மின்ஹா காத்திருந்தார். கதிரைக்குப் பின்னால் நின்ற ஜெயரூபி, படத்தை எடுத்துவிடுங்கோ என்று சொல்லலாமா என்று நினைத்தாள். அப்போது இராகுலன் தலையைத் திருப்பினார். ஏலாத கழுத்தை வருத்தித் திருப்பி, அவளை நேராகப் பார்த்தார். ஒரு சொல்லை அவள் எடுத்துத் தரவேண்டும் என்றால் முந்தி அப்படித்தான் பார்ப்பார்.

அந்தப் பெயரை அவருக்குக் கேட்கும்படி அவள் ஏழு வருசத்தில் ஒரு நாள்தான் சொல்லியிருந்தாள்.

"நிதுசன்" என்றாள். "எங்கட மகன்."

"நி..." என்றார் இராகுலன். உதட்டை நனைத்துக்கொண்டார். "நி... து..."

"நல்லா வருது, ஐயா" என்றார் மின்ஹா. "அக்கா, இன்னொருக்கா நீங்க சொல்லுங்க. அவர் உங்கட வாயைப் பாத்துச் சொல்லட்டும்."

ஜெயரூபி கதிரையைச் சுற்றி முன்னால் வந்து, அவருடைய முகத்துக்கு நேரே நிலத்தில் இருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.